உப்பில்லாத ஊர்: டிஸ்டோபியா நாவலை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் முறை

லோயிஸ் லவ்ரி 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலை, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஐந்து முறை வாசித்து முடித்திருக்கிறேன். புயல் காப்பகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் மாலை வகுப்பு அது. முதல் இரண்டு முறையும் கோட்டைவிட்டேன். நாவலில் குறை இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை வரிசையை மாற்றியபோதுதான் வகுப்புக்கு உயிர் வந்தது. உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் புதிய ஆசிரியர்களும் அதே இடங்களில் இடறுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம் இது. பசி, போர், வலி எதுவும் இல்லாத ஒழுங்கான ஊர். ஜோனஸ் என்ற சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது, ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் தனி ஆளாகச் சுமக்கும் வேலை அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. இதுவரை சுமந்துவந்த முதியவர் அவற்றை அவனுக்குக் கொடுக்கிறார். வாங்க வாங்க, இந்த ஊர் எதையெல்லாம் விலையாகக் கொடுத்து நிம்மதியை வாங்கியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. இப்படி வெளியே ஒழுங்காகத் தெரிந்து உள்ளே கொடுமை ஒளிந்திருக்கும் கற்பனை ஊரைத்தான் டிஸ்டோபியா என்கிறார்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

நாவலின் ஒரு பிரதி போதும். ஆங்கிலப் புத்தகத்தை ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே கரை ஒதுங்கிவிடுவார்கள். நான் தமிழில் கதையாகச் சொல்கிறேன். ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு ஆங்கிலப் பத்தியைக் கரும்பலகையில் எழுதிச் சேர்ந்து படிக்கிறோம். அதற்கு மேல் போனால் கதை நின்றுபோய் அகராதி வேலை தொடங்கிவிடும்.

ஆனால் நீங்கள் 23 அத்தியாயங்களையும் முன்கூட்டியே இரண்டு முறை படித்திருக்க வேண்டும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, முன்னால் வரும் சின்னத் தகவல் பின்னால் எங்கே வெடிக்கிறது என்று குறித்துக்கொள்வதற்காக. இன்று இரவு படித்து நாளை மாலை நடத்தலாம் என்று கிளம்பியவர்கள் எல்லாருமே ரகசியத்தை வாய்தவறி உளறியிருக்கிறார்கள்.

பிள்ளைக்கு ஒரு நோட்டு, சுவரில் ஒட்ட மூன்று பெரிய சார்ட் தாள், ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா. கறுப்பு மட்டும்தான். காரணம் நான்காம் படியில் வரும்.

இவற்றைவிட முக்கியமானது உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பட்டியல். எந்தப் பிள்ளையின் வீட்டில் கடலில் போனவர் திரும்பவில்லை, யாருடைய தகப்பன் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார், யாருடைய குடும்பம் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிறது என்று விசாரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுத வேண்டாம். இந்த நாவலில் குழந்தை ஒன்று சாகிறது, போர்க்களத்தில் ஒரு சிறுவன் தண்ணீர் கேட்டபடி கிடக்கிறான். யார் முன்னால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் இதற்குள் இறங்கக் கூடாது. பள்ளித் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் இந்த இரண்டு இடங்களையும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் அது விளக்கம் கொடுப்பதாகிவிடும்.

2. நாள் குறித்தல்

வாரத்துக்கு மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். அமர்வுக்கு ஒரு அத்தியாயம். கணக்குப்படி எட்டு வாரம். வடகிழக்குப் பருவமழையில் நான்கைந்து மாலைகள் எப்படியும் போய்விடும் என்பதால் பத்து வாரம் என்று வையுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் இரண்டாம் வாரம் தொடங்குவதே நல்லது. கதையும் டிசம்பரை நெருங்கும் நாளில்தான் தொடங்குகிறது, அந்த ஊரின் பெரிய விழாவும் டிசம்பரில்தான். அரையாண்டுத் தேர்வுக்கு முன் 15ஆம் அத்தியாயம்வரை முடித்து நிறுத்துங்கள். ஜனவரி முதல் வாரத்தில் 16இலிருந்து தொடரலாம். 18 முடிந்த இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுவிடாதீர்கள். 18, 19, 20 மூன்றும் ஒரே வாரத்துக்குள் வர வேண்டும். அங்கே பிள்ளைகளைத் தனியாக இரண்டு வாரம் விட்டுவைப்பது பாவம்.

கோடையில் நடத்தலாமே என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் கையிருப்பு குறையும், பிள்ளைகள் உறவினர் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். பத்து வாரம் தொடர்ந்து யாரும் வர மாட்டார்கள்.

3. ஐந்து சொற்களுக்குத் தமிழை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த ஊரார் கொடுமையைச் செய்வதே இனிமையான சொற்களால்தான். சொல் தவறினால் நாவலே தவறிவிடும்.

நான்கு சொற்கள் எளிது. நினைவைப் பெறும் சிறுவன் 'நினைவேற்பவன்', கொடுக்கும் முதியவர் 'கொடுப்பவர்'. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்ட ஏற்பாட்டுக்கு 'ஒரேமாதிரி' என்ற வீட்டுச் சொல்லே போதும். 'ஒருபடித்தன்மை' என்று முதல் ஆண்டு எழுதினேன், எனக்கே கொட்டாவி வந்தது. பன்னிரண்டு வயதில் வேலை முடிவு செய்வது 'பணி ஒதுக்கீடு'.

ஐந்தாவது சொல்தான் சிக்கல். விதி மீறியவரையும், வயதானவரையும், எடை கூடாத குழந்தையையும் ஊரைவிட்டு அனுப்புவதைக் குறிக்கும் சொல். அப்படி அனுப்புவது கொல்வதுதான் என்று 19ஆம் அத்தியாயத்தில்தான் தெரியவரும். ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் பார்த்தால் 'விடுதலை'. முதல் ஆண்டு அப்படித்தான் சொன்னேன். இந்தக் கரையில் அந்தச் சொல் எங்கே கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் திரும்பி வரும் நாளில் செய்தித்தாள் தலைப்பில் வரும் சொல் அது. வகுப்பில் ஒரு சிறுமியின் தகப்பன் அப்போது அக்கரையில் காவலில் இருந்தார். அவள் வீட்டில் ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. 19ஆம் அத்தியாயத்தில் அந்தச் சொல்லின் பொருளை நான் உடைத்துக் காட்டியபோது அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அவள் அடுத்த மூன்று அமர்வுக்கு வரவில்லை. அவர் நலமாகத் திரும்பி வந்தார் என்பது என் பிழையைச் சிறிதாக்கிவிடாது.

இப்போது 'வழியனுப்புதல்' என்கிறேன். மாலை மரியாதையோடு, கைகாட்டி அனுப்பும் சொல். கேட்கிறவருக்கு இதமாகவும் இருக்கிறது, யாருடைய பிரார்த்தனையையும் தொடவில்லை. உங்கள் ஊரில் வேறு சொல் பொருந்தலாம். ஆனால் முதல் நாளே முடிவு செய்து, கடைசிவரை அதையே சொல்லுங்கள். நடுவில் மாற்றினால் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

4. முதல் மூன்று வாரம்: டிஸ்டோபியா என்ற சொல்லையே எடுக்காதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, கரும்பலகையில் 'டிஸ்டோபியா என்றால் என்ன?' என்று எழுதுவது. எழுதியவுடன் பிள்ளைகள் முடிவு செய்துவிடுகிறார்கள், இது கெட்ட ஊர், சார் கெட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார், கண்டுபிடித்தால் மதிப்பெண். பிறகு எந்த அதிர்ச்சியும் அவர்களுக்கு வேலை செய்யாது.

பிள்ளைகளுக்கு அந்த ஊர் முதலில் பிடிக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். ஒன்பது வயதானால் எல்லாருக்கும் சைக்கிள், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. இரவு உணவுக்குப் பின் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து, இன்று உன் மனதில் என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். வீட்டில் அப்படி யாரும் கேட்டு வளராத பிள்ளைகளுக்கு அது சொர்க்கம்தான். என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் அந்த ஊருக்குப் போக முடியுமா என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள். ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள்.

முதல் அத்தியாயத்தில் ஜோனஸின் நண்பன் ஆஷர் வகுப்புக்குத் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்கிறான். மீன் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறவர்களை வேடிக்கை பார்த்தபடி நின்றுவிட்டானாம். இங்கே அதை விளக்கவே தேவையில்லை. ஏலக்கூடத்தில் வேடிக்கை பார்த்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வராத பிள்ளை எது?

அடுத்தது நிறம். அந்த ஊரில் யாருக்கும் நிறம் தெரியாது. பன்னிரண்டாம் அத்தியாயம்வரை ஆசிரியர் அதைச் சொல்லாமலே கதை நடத்துகிறார், வாசகரும் கவனிப்பதில்லை. ஆனால் தமிழில் கதை சொல்லும்போது நம் வாய் சும்மா இருக்காது. 'பச்சைப் பசேல் புல்வெளி', 'நீலச் சட்டை' என்று அலங்காரம் வந்து விழும். போன ஆண்டு உதவிக்கு வந்த தம்பி ஒருவர் ஆர்வத்தோடு அந்த ஊரை வண்ண வண்ணமாகச் சார்ட்டில் வரைந்துகொண்டு வந்தார். அழகான படம். பார்த்துவிட்டு, சுருட்டிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவருக்கு வருத்தம். எட்டாம் வாரம் அதே படத்தை எடுத்து ஒட்டினோம், அன்று அதற்குப் பெரிய மரியாதை கிடைத்தது. கறுப்புப் பேனா மட்டும் வாங்கச் சொன்னது இதற்குத்தான். நிறம் போலவே மலை, பனி, விலங்கு, பாட்டு ஆகியவற்றையும் உவமைக்குக்கூட இழுக்காதீர்கள்.

இரண்டாம் வாரத்துக்குள் ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும், அங்கே அப்பத்தா யார் வீட்டில் இருக்கும் என்று. முதியோர் இல்லத்தில் என்று மட்டும் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி என்ற உறவே அந்த ஊருக்குத் தெரியாது என்பது 16ஆம் அத்தியாயத்தில் தானாக வரும். கேட்ட பிள்ளையின் பெயரைக் குறித்துவைத்து, அந்த நாளில் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

5. சுவரில் ஒட்டும் மூன்று தாள்

முதல் நாளிலிருந்தே மூன்று தாளையும் ஒட்டிவிடுங்கள். ஒன்றில் ஊர் விதிகள். இரண்டாவதில் அந்த ஊரில் நமக்குப் பிடித்தவை. மூன்றாவதன் தலைப்பு: 'யார் யார் வழியனுப்பப்பட்டார்கள்? ஏன்?'

உயிர்நாடி மூன்றாவது தாள்தான். தவறான திசையில் விமானம் ஓட்டியவர் முதல் பெயர். அடுத்து விழா எடுத்து அனுப்பப்பட்ட ஒரு முதியவர். பிறகு இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்தது. வாரத்துக்கு ஒரு பெயராகச் சேரும். அவர்கள் எங்கே போனார்கள் என்ற பத்தி மட்டும் காலியாகவே இருக்கும். நீங்கள் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், காலி இடம் தானாக உறுத்தத் தொடங்கும். வழக்கமாக ஆறாவது வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை என்னிடம் தனியாக வந்து தணிந்த குரலில் கேட்கும்.

இங்கே கைடு எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 'ஜோனஸின் குணநலன்களை விவரி' என்று கேள்வி கொடுத்தால் எல்லா நோட்டிலும் அவன் நல்லவன், நேர்மையானவன், கீழ்ப்படிபவன் என்றே இருக்கும். சாட்சி சேர்க்கும் வேலை கொடுத்தால் கதையைக் கூர்ந்து கேட்பார்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் வளரும் பருவத்து உணர்வை அடக்கும் மாத்திரை வருகிறது. ஆண், பெண் பிள்ளைகள் கலந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர்கள் இதை அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கினால் பின்னால் அவன் மாத்திரையை நிறுத்தும் இடம் புரியாது. மனதில் எழும் கிளர்ச்சியை அடக்க வயது வந்த எல்லாரும் அங்கே மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். குரலை மாற்றாமல் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

6. பணி ஒதுக்கீடு: எட்டாம் அத்தியாயத்துக்கு முன் ஒரு விளையாட்டு

ஏழும் எட்டும் அந்த ஊரின் விழா. அதற்கு முன் அமர்வில் சீட்டு எழுதிக் கலைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். படகு ஓட்டுநர், செவிலியர், வலை பின்னுகிறவர், கணக்கர், பாசி எடுப்பவர், ஆசிரியர். வந்ததே வாழ்நாள் வேலை, மாற்ற முடியாது.

முதலில் கூச்சல், பிறகு பேரம். அதன்பின் கேளுங்கள், இந்தச் சீட்டு இல்லாமலேயே உங்களில் எத்தனை பேருக்கு வேலை முடிவாகிவிட்டது? நான் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு. கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, அங்கேயாவது ஒரு குழு பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறது, எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவே இல்லை என்றாள். அந்த வாக்கியத்துக்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை. உங்கள் வகுப்பிலும் சேர்க்காதீர்கள். குடும்பத் தொழிலைக் குறைத்துப் பேசும் தொனி உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால், மறுநாள் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

7. புயலை ஒழிக்கலாமா?

11ஆம் அத்தியாயத்தில் முதல் நினைவு. பனி, சறுக்குவண்டி. பயிருக்கும் போக்குவரத்துக்கும் இடைஞ்சல் என்று அந்த ஊர் பனியையும் மலையையும் ஒழித்துவிட்டது, வானிலையையே கட்டுக்குள் வைத்திருக்கிறது என்று அப்போது தெரிகிறது. பனியைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அதை இழந்த வருத்தம் எப்படி வரும்? இங்கே பொருளை மாற்றுங்கள்.

நான் கேட்பது இது. பாம்பனில் இனிமேல் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏற வேண்டாம், புயலே வராது என்று ஏற்பாடு செய்யலாம். சம்மதமா? எல்லாக் கையும் உயரும். அடுத்து, புயலை நிறுத்தினால் காற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும். வாடை இல்லை, கொண்டல் இல்லை, சோழகம் இல்லை, கச்சான் இல்லை. ஒரே காற்று, ஒரே வேகம். பாதிக் கை இறங்கும். அடுத்து, வடக்கே அடங்கிக் கிடக்கும் பெண்கடல், தெற்கே அலையடிக்கும் ஆண்கடல் என்ற பேச்சும் இருக்காது, இரண்டும் ஒரே குளம். இன்னும் சில கைகள் இறங்கும்.

சில கைகள் இறங்கவே இறங்காது. இதுதான் நான் வலியுறுத்த விரும்பும் இடம். இறங்காத கையைப் பார்த்துத் தவறான விடை என்ற முகத்தைக் காட்டிவிடாதீர்கள். கடலுக்கு ஆளைக் கொடுத்த வீட்டுப் பிள்ளை, காற்றே வேண்டாம் என்று சொன்னால் அதில் அறியாமை எதுவும் இல்லை. அந்த நாவலின் ஊரைக் கட்டியவர்களும் அப்படி வலித்துத்தான் கட்டியிருப்பார்கள். இந்தப் பேரத்தில் நிஜமான ஆசை இருக்கிறது என்று வகுப்பு ஒத்துக்கொண்டால்தான் விலையைப் பற்றிப் பேச முடியும். சுதந்திரமே உயர்ந்தது என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டால், பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு மனதில் எதுவும் எழுதாமல் வீட்டுக்குப் போவார்கள்.

மறுநாள் 12ஆம் அத்தியாயம், நிறம். கதையில் ஜோனஸ் முதலில் காணும் நிறம் சிவப்பு. சொல்லி முடித்துவிட்டு வகுப்பை வெளியே அழைத்துப்போய்க் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நிறம்? நம் பிள்ளைகள் கரையோரத்து நிறம், பாசி கிடக்கும் நிறம், ஆழத்து நிறம் என்று பிரித்துச் சொல்வார்கள். அதையே நிறச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் நோட்டை மூடிவிடுவார்கள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

8. நம் ஊரின் நினைவேற்பவர்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதுபோலத் தெரியும். இடிந்த தேவாலயம், செல்பி, சங்கு மாலைக் கடை. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். அப்படி ஒருவரை வகுப்புக்கு அழைப்பது இந்தப் படி. 13ஆம் அத்தியாயம் முடிந்த வாரத்தில் வையுங்கள். அதற்கு முன் வைத்தால் கதையோடு சேராது, 15க்குப் பின் வைத்தால் கனம் கூடிவிடும்.

முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். என்ன கதை நடக்கிறது, ஏன் அழைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்த நொடியிலும் நிறுத்திவிடலாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் பிடிக்கக் கூடாது, யாரும்.

பிள்ளைகளின் கேள்விகளை முந்தின நாளே வடிகட்டுங்கள். 'எத்தனை பேர் செத்தார்கள்?' என்பதை எடுத்துவிடுங்கள். எண்ணைப் புத்தகத்தில் பார்க்கலாம். அன்று இரவு என்ன சத்தம் கேட்டது, விடிந்ததும் முதலில் கண்ணில் பட்டது எது, முதல் சாப்பாடு யார் கொடுத்தது, அதன்பின் எந்த வாசனை வந்தால் ஞாபகம் வருகிறது போன்றவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். உடம்பில் தங்கிய நினைவைத்தான் நாவலில் கொடுப்பவர் கைவைத்துக் கொடுக்கிறார். தகவலைக் கேட்டால் தகவல்தான் வரும்.

மூன்றாம் ஆண்டு வந்த தாத்தா பத்து நிமிடம் நன்றாகப் பேசினார். தன் தங்கையைப் பற்றிச் சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டு, டீ இருக்கிறதா தம்பி என்று என்னைக் கேட்டார். டீ வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை இருபத்தேழு பிள்ளைகளும் அசையவில்லை. அவர் தங்கையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. வாடைக்காலத்தில் எந்த மீன் ருசி என்று பேசிவிட்டுப் போனார். அவர் போனதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, இதைத் தாத்தா ஒருத்தரே ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டான். நாவலின் முழுக் கேள்வியும் அதுதான். 18ஆம் அத்தியாயத்தில், முன்பு நினைவேற்பவளாக இருந்த ரோஸ்மேரி போனதும் அவள் சுமந்தவை ஊர் முழுவதும் வந்து விழுந்த கதையைச் சொன்னபோது, அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுமுறைக்கு ஒரே வீட்டுப்பாடம். டிசம்பர் 22ஐ ஒட்டிய ஏதாவது ஒரு மாலை, வீட்டுப் பெரியவர் ஒருவரின் நினைவு ஒன்றைக் கேட்டு வர வேண்டும். எழுத வேண்டாம், சுமந்து வந்தால் போதும்.

9. போர் அத்தியாயம்

15ஆம் அத்தியாயம் மிகச் சிறியது. போர்க்களம், காயம், தாகம். முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இருந்தால், வீட்டாரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அன்று வராமல் இருக்கவும் உரிமை உண்டு என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாக அறிவியுங்கள். குறிப்பிட்ட பிள்ளையைத் தனியாக அழைத்துச் சொன்னால் மற்றவர்கள் கவனித்துவிடுவார்கள்.

நடித்துக் காட்டாதீர்கள், குரலை ஏற்றாதீர்கள். சொல்லி முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். ஒரு குடம் தண்ணீர் வைத்திருங்கள், எல்லாரும் குடித்துவிட்டுப் போகட்டும்.

10. பத்தொன்பதாம் அத்தியாயம்

ஜோனஸின் தகப்பன், அன்பான மனிதர், எடை குறைந்த இரட்டைக் குழந்தைக்கு ஊசி போட்டுக் கொல்வதை அவன் பார்க்கிறான். மூன்றாவது தாளின் காலிப் பத்தி அன்று நிரம்புகிறது.

கதையை நிதானமாகச் சொல்லி, ஊசிக்குப் பின் குழந்தை அசைவதை நிறுத்துகிறது என்ற இடத்தில் நிறுத்துங்கள். விளக்க வேண்டாம். யாராவது ஒருவர் எழுந்து போய்த் தாளில் எழுதுவார். என் வகுப்பில் ஐந்தில் நான்கு முறை அப்படி நடந்தது. நடக்காத முறை நானே எழுதினேன், என் கையெழுத்து கோணலாக வந்தது.

அன்று மணி அடித்தவுடன் அனுப்பிவிடக் கூடாது. கால் மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் அந்தத் தகப்பனைப் பற்றித்தான். அவர் கெட்டவரா? தெரிந்தா செய்தார்? கெட்டவர் என்று சொல்லி முடித்தால் எளிது. ஆனால் அவருக்குக் கொலை என்ற சொல்லே கொடுக்கப்படவில்லை. நல்ல சொல் ஒன்றைக் கொடுத்து, அதன் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படியில் அந்தச் சொல்லுக்காக அத்தனை பாடுபட்டது இந்தக் கால் மணி நேரத்துக்குத்தான்.

11. இப்போது கருப்பொருள்

20 முடிந்ததும்தான் டிஸ்டோபியா என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதற்கும் முன், இந்த ஊருக்கு நீங்களே பெயர் வையுங்கள் என்பேன். ஓர் ஆண்டு வந்த பெயர் 'உப்பில்லாத ஊர்'. எல்லாம் இருக்கிறது, உறைப்பு இல்லை, கைப்பு இல்லை, உப்பும் இல்லை. அதற்குப் பின் நான் வேறு விளக்கம் தேடவில்லை.

வறுமை இல்லாததால் அங்கே வள்ளல்தன்மைக்கு இடமில்லை, பொய் இல்லாததால் உண்மை என்று தனியாக ஒன்று இல்லை என்று கம்பன் கோசல நாட்டைப் புகழ்வான். எட்டாம் வகுப்பில் சிலருக்கு அதைச் சொல்லலாம். கம்பன் பெருமையாகச் சொன்னதையே ஜோனஸ் கேட்டால் என்ன சொல்வான் என்று விட்டுவிடுங்கள். நல்ல சண்டை வரும். தமிழாசிரியர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்ல சண்டை வரும்.

எழுத்து வேலைக்கு ஒரே அளவுகோல்: கருத்து ஒன்று, அதற்குக் கதையிலிருந்து சாட்சி இரண்டு, தன் வாழ்க்கையிலிருந்து ஒன்று. ஒரு பக்கம். மூன்று தாள்களும் சுவரில் இருப்பதால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. இந்த இடத்தில் சில ஆசிரியர்கள் வகுப்பை அரசியல் மேடையாக்கிவிடுகிறார்கள், இந்த ஊர் இன்ன ஆட்சி, இந்தக் குழு இன்ன கட்சி என்று. பிள்ளைகள் தாமாக ஒப்பிட்டால் கேளுங்கள். நீங்கள் ஒப்பிட்டுக் கொடுத்தால் அது மனப்பாடமாகிவிடும்.

12. முடிவை முடிக்காமல் விடுதல்

கடைசியில் ஜோனஸ் கேப்ரியேல் என்ற குழந்தையோடு தப்பி, பனிமலையில் சறுக்குவண்டியில் இறங்குகிறான். கீழே வெளிச்சம், பாட்டு. உண்மையா, குளிரில் சாகும் மயக்கமா என்று நாவல் சொல்வதில்லை. பிள்ளைகள் விட மாட்டார்கள். சார், உயிரோடு இருக்கிறானா இல்லையா?

உடனே சொல்லாதீர்கள். அவரவர் முடிவை அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். எங்கள் வகுப்பில் அவன் பெரும்பாலும் ஏதாவது கடற்கரையில்தான் கரையேறுகிறான். எல்லாவற்றையும் வாங்கி, சத்தமாகப் படித்து முடித்த பிறகு, இதே ஆசிரியர் எழுதிய தொடர் நாவல்களில் ஜோனஸ் பெரியவனாக வருகிறான் என்று சொல்லலாம்.

போன ஆண்டு அப்படிச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. ஒருத்தி மட்டும் தட்டவில்லை. தன் தாளைத் திருப்பிக் கேட்டாள். மாற்றி எழுதத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அது அவர் எழுதியது சார், இது நான் எழுதியது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன், தாளைப் பார்க்காமலே.